ஹாரிஸ் துரையின் விரல்

என் வீட்டுக்காரரின் கால் ஹாரிஸ் துரையின் விரலில் பட்ட அன்று, மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கயிற்றுக்கு இந்தப் பக்கம், கம்பெனிக் கூலிகளின் பெண்டுகளோடு நின்றிருந்தேன். ஹாரிஸ் துரை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, பந்தின் தலையை ஒரு விரலால் அழுத்தி நிறுத்திக்கொண்டிருந்தார். இவருடைய கால் பந்தோடு அந்த விரலையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. பந்து எழும்பவில்லை. நொண்டிக்கோழி மாதிரி நாலு தத்துத் தத்திப் போய் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு நடுவில் கிடந்தது. அப்படிக் கிடக்கும் பந்தை அவர்கள் விளையாட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு ஓடலாமாம். எதிர்க்கட்சியில் ஆடிய அமெரிக்கக் கப்பல்காரன் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவனை மறிக்க அந்தப் பக்கம் இவரைத் தவிர வேறு ஆளில்லை. இவர் என்ன செய்தார்? குனிந்தார். ஹாரிஸ் துரையின் விரலைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கப்பல்காரன் இவருடைய முதுகை உரசிக்கொண்டு ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டினான். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் தோற்றுப்போனது.

இது நடந்தது இருபத்தாறாம் வருஷம் நவம்பரில். அப்போது ரங்கூனில், அலோன் படித்துறையை ஒட்டி ஹார்ட்வெல் எண்ணெய்க் கம்பெனி என்று ஒன்று இருந்தது. அமெரிக்காக்காரர்கள் நடத்தியது. மண்ணெண்ணெய் டின்னும் பீப்பாயும் கப்பலேறும் இடம். கூலிகளில் பாதி தெலுங்கர், பாதி நம்மவர்கள். என் வீட்டுக்காரர் குழந்தைவேலுவுக்கு முதலில் பீப்பாய்க் கட்டை தட்டும் வேலை. படுக்கவைத்த பீப்பாய் உருளாமல் இருக்க அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகியிருப்பார்கள். ஏற்றும்போது அதைத் தட்டிவிட வேண்டும். மற்றவர்கள் குனிந்து சுத்தியலால் தட்டுவார்கள். தட்டியவன் நிமிர்வதற்குள் பீப்பாய் கைமேல் ஏறிவிடும். விரல் இல்லாதவர்கள் அங்கே நிறையப் பேர். இவர் குனிவதே இல்லை. நின்றபடியே வெறுங்காலால் ஒரே உதை, கட்டை பறந்துவிடும். ஏழு வருஷத்தில் அந்த வலது கால் கொல்லன் பட்டறைச் சாமானாகிவிட்டது. நான் எண்ணெய் தேய்த்துவிட்டால் என் கைதான் சிவக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம். சாயங்காலங்களில் துரைமார்கள் அங்கே பந்தாடுவார்கள். உருண்டைப் பந்து இல்லை. இரண்டு முனையும் கூம்பின, பிஞ்சுப் பலாக்காய் போன்ற பந்து. அதை இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளுவார்கள், எப்போதாவது நினைப்பு வந்தால் காலால் உதைப்பார்கள். ஒருநாள் அது சுவர் தாண்டிப் பீப்பாய்களுக்கு நடுவே விழுந்தது. இவர் அதை இரண்டு கட்டைகளுக்கு இடையில் நிறுத்திவைத்து ஓர் உதை விட்டார். பந்து சுவரையும் தாண்டி, மைதானத்தையும் தாண்டி, மானேஜர் கார்வர் துரையின் பங்களாக் கூரையில் போய் விழுந்தது. மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டார். கார்வர் துரையே இறங்கி வந்தார். இன்னொரு தரம் உதை என்றார். பிறகு இன்னொரு தரம். இருட்டும்வரை உதைக்கவைத்துவிட்டுத்தான் விட்டார்.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை அவர்களுக்கு ஏதோ பண்டிகை. என்ன பண்டிகை என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. வான்கோழி தின்பார்கள் என்பது மட்டும் தெரியும். அன்றைக்குக் கம்பெனித் துரைமார்களுக்கும், துறையில் நிற்கும் அமெரிக்கக் கப்பல்காரர்களுக்கும் பந்தயம். இரண்டு தரப்பிலும் ஆள் பற்றாததால் உதைப்பதற்கு மட்டும் வெளியாள் ஒருவரை இறக்கிக்கொள்ளலாம் என்று தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இரண்டு உயரமான கம்பங்கள், நடுவே குறுக்குக் கம்பு. அதற்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கும் உள்ளே பந்து போக வேண்டும். அவ்வளவுதான் இவர் வேலை. முதல் வருஷம் நாலு உதை, நாலும் உள்ளே. கார்வர் துரை பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். இவர் அதைப் போட்டுக்கொண்டு உதைத்துப் பார்த்தார், பந்துக்குப் பதில் பூட்ஸ் பறந்தது. அதற்குப் பிறகு வெறுங்கால்தான் என்று துரைமார்களே ஒத்துக்கொண்டார்கள்.

அந்தக் கால் எங்களுக்கு என்ன கொடுத்தது என்று சொல்கிறேன். அதற்கு முன் நாங்கள் கிட்டங்கித் தெருவில் ஒரு கூலிக் கொட்டடியில் இருந்தோம். ஒரே அறையில் இருபத்திரண்டு பேர். எங்கள் மூலைக்குச் சாக்குத்துணிதான் மறைப்பு. விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் படுத்திருப்பவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்றவர்கள் மிதித்துக்கொண்டே போவார்கள். இவர் மட்டும் யார்மேலாவது கால் பட்டால் நின்று, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த அடி வைப்பார். வாசலுக்குப் போவதற்குள் ஏழெட்டு முறை ஆகிவிடும். எனக்குச் சிரிப்பு வரும், கோபமும் வரும். பந்து உதைக்க ஆரம்பித்த பிறகு கம்பெனி இவரைப் பம்பு வேலைக்கு மாற்றி, கம்பெனி லைன் வீட்டு வரிசையில் ஓர் அறையும் கொடுத்தது. அதற்குக் கதவு இருந்தது. வெளியே பூட்டுப் போட வளையம் உண்டு, உள்ளே தாழ்ப்பாள் இல்லை. கூலிக்காரன் உள்ளே தாழிட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நான் சீனன் கடையில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்து நானே திருகாணி முடுக்கினேன். முதல் நாள் அதைப் போட்டுவிட்டு, கதவில் சாய்ந்துகொண்டு, எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நானும் அவரும் மட்டும் ஓர் இடத்தில் இருந்தோம்.

பந்தயத்தைப் பார்க்க லைனே திரண்டு வரும். யார் ஜெயித்தால் எங்களுக்கென்ன. ஒரு வெள்ளைக்காரன் நம் ஆளின் காலடியில் மண்டியிட்டுப் பந்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கத்தான் வந்தோம். அதற்கு ஒத்துக்கொண்டவர் ஹாரிஸ் துரை ஒருவர்தான். இருபத்தைந்து வயதிருக்கும், முகமெல்லாம் புள்ளி, மெஷின் வேலை. மற்ற துரைமார்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி ஒதுங்கிக்கொண்டதை நாங்களும் கவனித்தோம், கார்வர் துரையும் கவனித்திருப்பார்.

மூன்றாம் வருஷம் அந்த விரல் உடைந்தது. தோற்ற கோபத்தில் அன்றே எங்களைத் துரத்திவிடுவார்கள் என்று சட்டி பானையெல்லாம் எடுத்துவைத்தேன். ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை வந்தார் ஜமால் மரைக்காயர். ஆபீஸ் குமாஸ்தா, காயல்பட்டணத்துக்காரர். துரைமார்கள் சொல்வதைத் தமிழிலும் நாங்கள் சொல்வதைக் கொஞ்சம் மெருகேற்றி இங்கிலீஷிலும் சொல்கிறவர். நல்ல மனுஷர்தான். வந்ததும் சிரித்தார்.

"குழந்தவேலு, நீ தோத்தாலும் ஜெயிச்சுட்டப்பா. ஒன் கும்பிடப் பாத்து துரைசானிமாருக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். பத்திரிகையில கூட எழுதியிருக்கான். அடுத்த வருசம் அமெரிக்காவுலேருந்து பெரிய தொர வாறாரு. நீ ஒவ்வொரு உதைக்கும் முன்னாடி ஹாரிஸ் தொர கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் உதைக்கணுமாம். தலப்பா, இடுப்புக்கச்சையெல்லாம் கம்பெனி தைச்சுக் கொடுக்கும்."

இவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடக்கிக்கொண்டார்.

"அது கும்பிடு இல்ல மரைக்காயரே. காலு பட்டுச்சு, தொட்டு ஒத்திக்கிட்டேன். நீங்க இந்தப் பக்கம் போறப்ப ஒங்க மேல பட்டாலும் அதான் செய்வேன்."

"எனக்குத் தெரியும்பா. அவனுக்குத் தெரியுமா?"

"காலே படாம எதுக்குத் தொட்டு ஒத்திக்கறது?"

 மரைக்காயர் எழுந்து போகும்போது கதவைத் தட்டிப் பார்த்தார். நல்ல தேக்கு, இதை விட்டுடாதீங்க தங்கச்சி என்றார்.

நான் விடுவேனா? அன்று முதல் இவரோடு மல்லுக்கு நின்றேன். குனிந்து நிமிர்ந்தால் முதுகா தேய்ந்துவிடும்? கொட்டடியில் கண்டவனுக்கெல்லாம் விழுந்து விழுந்து ஒற்றிக்கொண்ட மனுஷனுக்கு இன்றைக்கு எங்கிருந்து வந்தது இந்த ரோஷம்? கேட்டுவிட்டுக் கேட்டுவிட்டு நானே அழுதேன். எனக்கு அந்தத் தாழ்ப்பாள் வேண்டும். திரும்பவும் சாக்குத்துணிக்குப் பின்னால் இருபது பேர் மூச்சுக்கு நடுவில் படுக்க என்னால் ஆகாது. இதை மூடி மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அப்படித்தான் நினைத்தேன். இவர் சண்டை போடவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. ஒரு வருஷம் அப்படியே ஓடியது.

பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது இவருக்குக் கார்வர் துரை பங்களாவில் ஒத்திகை என்று ஆள் வந்தது. பொழுது மதியத்தைத் தாண்டியும் சாப்பிட வரவில்லையே என்று தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு போனேன். வேலி ஓரமாக நின்று பார்த்தேன். புல்தரையில் சிவப்புத் தலைப்பாகை, ஜரிகைக் கச்சையோடு இவர். எதிரே நாற்காலியில் கார்வர் துரைசானி, பக்கத்தில் முக்காலி வைத்த போட்டோப் பெட்டி. ஹாரிஸ் துரை மண்டியிட்டிருந்தார். உடைந்த விரல் நேராகக் கூடாமல் வெளிப்பக்கமாக வளைந்துபோயிருந்தது. பந்தின்மேல் வைத்தாலும் நுனி துருத்திக்கொண்டுதான் நின்றது. இவரைத் தொடச் சொன்னார்கள். இவர் சும்மா நின்றார். பங்களா பட்லர் இவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கொண்டுபோய் அந்த விரலைத் தொடவைத்து, தூக்கி இவருடைய கண்ணில் வைத்தான். துரைசானி கைதட்டினாள். போட்டோப் பெட்டிக்காரன் ஏதோ சரியில்லை என்றான். பட்லர் மறுபடி வைத்தான். மறுபடி. பொம்மைக்குச் சாவி கொடுத்த மாதிரி அந்தக் கை போய்ப் போய் வந்தது. பீப்பாய்க்குக் கூடக் குனியாத மனுஷன். ஹாரிஸ் துரை எல்லா நேரமும் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

 எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இந்த வெள்ளைக்காரிக்கு எங்கள் வீட்டு மரியாதை விளையாட்டுச் சாமானா? பட்டதற்குக் கேட்கிற மன்னிப்பைப் படாததற்கும் கேள் என்று கையைப் பிடித்துச் செய்யவைத்தால், நாளைக்கு இந்த மனுஷன் உண்மையாகவே யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தால் எதைக் கொண்டு கேட்பார்? சோற்றைக் கொடுக்காமலேயே திரும்பிவிட்டேன். சாயங்காலம் வந்து அவர் தலைப்பாகையை ஆணியில் மாட்டினார். நான் சொன்னேன்.

"நீங்க கும்பிட வேணாம்."

"கதவு?"

"கதவு அவனோடது. இருக்கட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். 

வியாழக்கிழமை காலையில் அவர் மைதானத்துக்குப் போனதும், இருந்த நாலு சாமானை மூட்டை கட்டினேன். பிறகு கரண்டிக் காம்பைக் கொடுத்து, தாழ்ப்பாளின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அதுதான் அந்த அறையில் எங்களுடையது. மூட்டையையும் பாயையும் தூக்கிக்கொண்டு, தாழ்ப்பாளை மடியில் முடிந்துகொண்டு போனேன். நடக்கும்போது இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

பெரிய துரை பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கார்வர் துரை. இவர் தலைப்பாகை இல்லாமல், வழக்கமான அரைக்கால் சட்டையோடு, வெறுங்காலோடு இறங்கினார். முதல் உதை. ஹாரிஸ் துரை மண்டியிட்டார். பந்தலில் எல்லாரும் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். இவர் இடுப்பில் கையை வைத்து நின்றார். குனியவில்லை. இரண்டடி வைத்து உதைத்தார். உள்ளே போனது. கூட்டத்தில் சிலர் சலாம், சலாம் என்று கத்தினார்கள், விளையாட்டாக. இரண்டாம் உதைக்கும் நின்றார். உள்ளே. மூன்றாவதற்குச் சலாம் என்ற சத்தத்தில் சிரிப்பு இல்லை.  என் பக்கத்தில் நின்ற சொர்ணம்மாள், கட்டை தட்டும் அப்பாசாமியின் பெண்டாட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, ஒம் புருசன் வேணும்னே நிக்கிறானா?"

"வேணும்னேதான் நிக்கிறாரு" என்றேன். சொல்லும்போது எனக்கு வந்த பெருமையை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

பாதி ஆட்டத்தில் ஜமால் மரைக்காயர் வியர்த்து வழிய இவரிடம் போனார். கயிற்றோரம்தான், எனக்கும் கேட்டது.

"தொர தீத்துச் சொல்லிட்டாரு குழந்தவேலு. நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம். வீட்ட இன்னிக்கே விடணும். ஆனா ஆட்டம் முடியற வரைக்கும் உதைக்கணுமாம்."

"உதைக்கறேன். வீட்ட காலையிலயே விட்டாச்சு."

உதைக்கிற காலை மட்டும் அவர்களுக்கு விட மனமில்லை, பெரிய துரை பார்த்துக்கொண்டிருக்கிறாரே. கடைசிக்கு வந்தபோது கப்பல்காரர்கள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தார்கள். இருந்த நேரத்துக்கு ஓர் உதைதான் பாக்கி. அது உள்ளே போனால் மூன்று புள்ளி. நல்ல தூரம். கம்பங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், இலை மூட ஆரம்பிக்கும் நேரம். ஹாரிஸ் துரை மண்டியிட்டு இடத்தைக் கையால் துடைத்தார். வேலை போன ஆள், வீடு போன ஆள், யாருக்காக உதைக்க வேண்டும்? ஆனால் உதைக்க வந்தவர் உதைத்துவிட்டுத்தான் போவார், எனக்குத் தெரியும். முன்னால் குனிந்து நின்றவன் பந்தைப் பின்பக்கமாக வீசினான். ஹாரிஸ் துரை பிடித்து நிறுத்தினார். இரண்டடி. கால் சுழன்றது.

பந்து எழும்பியது. அவ்வளவு உயரம் அவர் உதைத்து நான் பார்த்ததில்லை. கம்பத்தின் நுனிக்கு மேலே போய், மரத்துக்குள் புகுந்து மறைந்தது. பந்தலும் கூட்டமும் அண்ணாந்து நின்றன. நான் விரலைப் பார்த்தேன். வளைந்த நுனி துருத்திக்கொண்டு நின்ற அந்த ஓர் அரிசி அளவு இடத்தில் அவருடைய கால் உரசிவிட்டது. ஹாரிஸ் துரை கையை உதறிக்கொண்டார். பெரிய அடி இல்லை. பட்டது, அவ்வளவுதான்.

இவருக்கும் தெரிந்துவிட்டது. வேண்டாம், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். இத்தனை நேரம் நிமிர்ந்து நின்றதெல்லாம் ஒரு நொடியில் மண்ணாகப் போகிறதே. அவர் பந்தைப் பார்க்கவில்லை, பந்தலைப் பார்க்கவில்லை. கொட்டடியில் விடியற்காலையில் எப்படிச் செய்வாரோ அப்படி, நிதானமாகக் குனிந்து, ஹாரிஸ் துரையின் விரலைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்தார். ஹாரிஸ் துரை அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல், இவரை ஏறிட்டுப் பார்த்தபடி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இவருக்கும் புரியவில்லை, பிறகு கேட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

பந்தலில் ஒரே கைதட்டல். கார்வர் துரை எழுந்து நின்றே தட்டினார். ஜமால் மரைக்காயர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தொரைக்கு ரொம்ப சந்தோஷம்பா. கடைசியில நீ வழிக்கு வந்துட்டேன்னு சொல்றாரு. எல்லாத்தையும் மறந்துட்டாரு. வேலையும் இருக்கு, வீடும் இருக்கு."

இவர் கயிற்றைத் தாண்டி என் பக்கம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அவருக்கு யாரு கும்பிட்டா மரைக்காயரே? ஹாரிஸ் தொர மேல காலு பட்டுச்சு, அவருகிட்ட கேட்டுக்கிட்டேன். கார்வர் தொர மேல என் காலு இன்னும் படல. பட்டா அவருகிட்டயும் கேட்டுக்கறேன்னு சொல்லுங்க."

சொர்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மரைக்காயர் நெற்றியைத் துடைத்தார்.

"இத நான் எப்படிப்பா இங்கிலீசுல சொல்லுவேன்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீயாச்சும் எடுத்துச் சொல்லும்மா. நல்ல வீடு."

ஒரு நொடி எனக்குள் எல்லாம் ஆடிப்போனது, இல்லையென்று சொன்னால் பொய். தேக்குக் கதவு, சாத்தினால் வரும் சத்தம், உள்ளே விழும் அமைதி. மடியை அவிழ்த்துத் தாழ்ப்பாளை எடுத்துக் காட்டினேன்.

"கழட்டிட்டு வந்துட்டேன் மரைக்காயரே."

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூட்டையைத் தலையில் ஏற்றினேன். இவர் பாயை எடுத்துக்கொண்டார். எங்கே போவது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆற்றைப் பார்த்து நடந்தோம்.

பின்னால் ஒரே கூச்சல். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று இரண்டு கட்சியும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தன. இருந்த ஒரே பந்து மரத்தின் உச்சிக்கிளையில் சிக்கிக்கொண்டிருந்தது, அது இறங்கினால்தான் மிச்சமிருந்த ஒரு நிமிஷ ஆட்டம். கல் கிடைக்காத மைதானம். துரைமார்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி மேலே வீசிக்கொண்டிருந்தார்கள். சாலை திரும்பும் இடத்தில் தாழ்ப்பாளை இறுகப் பிடித்தபடி நான் கடைசியாகத் திரும்பிப் பார்த்தேன். பூட்ஸும் கிளையில் மாட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. மரத்தைச் சுற்றி அண்ணாந்தபடி அத்தனை துரைமார்களும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள்.